விண்ணப்பத்தின் கடைசியில் யாருடைய பெயரைப் போடுவது?

படுவான்கரையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பிய சீவி (சுயவிபரக் கோவை) என் மேசைக்கு வந்தது. கணக்கு உதவியாளர் வேலை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவள். செங்கலடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் இரண்டரை வருடம் பில் போட்டு, ஸ்டொக் பார்த்த அனுபவம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ரெபரி, அதாவது அவளைப் பற்றி விசாரிக்கக்கூடியவர்கள், இரண்டு பேர். ஒருவர் முன்னாள் பிரதேச சபை உறுப்பினர், மற்றவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. இருவருக்கும் நானே கோல் எடுத்தேன். முதலாமவர், "அந்தப் புள்ளைட தகப்பன எனக்கு நல்லாத் தெரியும், நல்ல குடும்பம், பாத்துச் செய்ங்க" என்றார். இரண்டாமவருக்குப் பெயர் பிடிபடவில்லை. "எந்த ஊர்ப் புள்ள?" என்று என்னிடமே கேட்டார்.

தங்கச்சியைக் கூப்பிட்டு, "நீங்க வேலை செய்த கடை முதலாளிட நம்பர் இருக்கா?" என்றேன். "இருக்கு மிஸ். ஆனா அவர் கடைக்காரர்தானே, அவரப் போட்டா மதிப்பாங்களா எண்டு நினைச்சன்" என்றாள். அந்த முதலாளி என்னோடு கால்மணி நேரம் பேசினார். மாத முடிவில் அவள் ஸ்டொக் எண்ணும் விதம், சீமெந்துக் கணக்கில் பதினான்கு பை குறைந்தபோது பழைய பில்களைப் புரட்டி எந்த லொறி இறக்கத்தில் பிழை நடந்தது என்று கண்டுபிடித்தது, கடைக்கு வராத நாட்கள் எத்தனை, எதற்காக வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவள் எங்களிடம் வேலைக்கு வந்துவிட்டாள்.

ரெபரி என்றால் யார் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கொமினிகேசன் கடையில் டைப் பண்ணுகிற பிள்ளை நிமிர்ந்து "ரெபரிக்கு ஆர போடுற?" என்று கேட்கும் அந்த நிமிடத்தில்தான் பலருக்கு அது நினைவுக்கே வருகிறது. அப்போது மனதில் எழும் பெரிய பெயரைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். பன்னிரண்டு வருடமாக மட்டக்களப்பில் ஆட்சேர்ப்பு வேலை பார்க்கிறேன். படிப்பும் திறமையும் இருந்தும் இந்தக் கடைசி நான்கு வரியில் பின்னுக்குப் போன பிள்ளைகளை நிறையக் கண்டுவிட்டேன். அதனால் முதல்முறை விண்ணப்பம் போடுகிறவர்களுக்காக அடியிலிருந்து சொல்கிறேன்.

சாட்சி, சிபாரிசு, பிணை

ரெபரி என்ற சொல்லுக்குச் சில படிவங்களில் "நடுவர்" என்று போட்டிருப்பார்கள். விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதுகிறவருக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். எனக்குப் பிடித்த சொல் சாட்சி. கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவரிடம் "நீ என்ன கண்டாய், என்ன கேட்டாய்" என்றுதான் கேட்பார்கள். உங்கள் ரெபரியிடமும் அதையே கேட்கிறார்கள். இந்தப் பிள்ளை வேலை செய்ததை நீங்கள் கண்டீர்களா? எப்படிச் செய்தது? கண்டவரால் பதில் சொல்ல முடியும். காணாதவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் "நல்ல பிள்ளை" என்பதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

சிபாரிசு வேறு விடயம். "ஆளப் புடிச்சாத்தான் அலுவல் நடக்கும்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எம்பியிடம் கடிதம், அமைச்சரின் இணைப்பாளரிடம் கடிதம் என்று அலைந்து களைத்த குடும்பங்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ. அந்த அனுபவம்தான் ரெபரி என்றதும் செல்வாக்கான ஆளைத் தேட வைக்கிறது. பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தனியார் கம்பனியிலோ தொண்டு நிறுவனத்திலோ ஆட்சேர்ப்பில் இருப்பவருக்கு ஓர் அரசியல்வாதியின் பெயர் சங்கடத்தைத்தான் தருகிறது. இந்தப் பிள்ளையை எடுக்காவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து கோல் வருமோ என்ற யோசனை வந்துவிடும். உங்களைப் பற்றி அவருக்கு அதில் ஒன்றும் புதிதாகத் தெரியவராது.

பிணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டங்களில் இந்தப் பயம் உண்மையானது. நுண்கடன் கம்பனிகள் ஊருக்கு ஊர் குழுச் சேர்த்துக் கடன் கொடுத்த காலத்தில், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களின் வாசலில் வந்து இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காக வைத்த ஒரு கையெழுத்தால் தோட்டை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் ஒரு மாமியிடம் போய் "உங்கட பேர ரெபரியாப் போடட்டா?" என்று கேட்டால், "மறுகா கையெழுத்துக் கேட்டு வருவாங்களா மனே?" என்றுதான் அவ முதலில் கேட்பா. ரெபரி எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் வைப்பதில்லை. நீங்கள் நாளைக்கு வேலையை விட்டு ஓடினாலும் அவர் ஒரு சதம் கட்ட வேண்டியதில்லை. கேட்கும்போது இதை முதல் வசனமாகவே சொல்லிவிடுங்கள்.

காசு கையாளும் சில வேலைகளுக்குப் பிணையாளர் தனியாகக் கேட்கப்படுவதும் உண்டு. லீசிங் கம்பனியில் காசு அறவிடும் வேலை, காசாளர் வேலை போன்றவற்றில் அதைக் காணலாம். அதற்கு வேறு பத்திரம் இருக்கும், அதில் பிணையாளர் கையொப்பமிடுவார், தொகையும் எழுதியிருக்கும். ரெபரியாக இருக்கச் சம்மதித்தவரிடம் அந்தப் பத்திரத்தையும் சேர்த்து நீட்டுவது நியாயமில்லை. அது இன்னொரு கேள்வி, இன்னொரு தடவை, நேரில் போய் இருந்து கேட்க வேண்டியது.

இன்னும் இரண்டு கடதாசிகளை ரெபரியோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பம் இடும் வதிவிட, நற்சான்றிதழ். நீங்கள் இந்த ஊரில் இருக்கிறீர்கள், உங்கள் மேல் பாதகமாக ஒன்றும் தெரியவரவில்லை என்பதை அது சொல்லும். உங்கள் வேலைத் திறமை பற்றி அதில் ஒரு வரியும் இராது. மற்றது அரச விண்ணப்பப் படிவத்தின் கீழே வரும் கையொப்ப அத்தாட்சி. அதிபர், ஜேபி எனப்படும் சமாதான நீதவான், சட்டத்தரணி போன்ற ஒருவர் "இவர் என் முன்னிலையில் ஒப்பமிட்டார்" என்று உறுதி செய்வது அது. ஜேபி ஐயா உங்கள் கையெழுத்தை அத்தாட்சிப்படுத்தினார் என்பதற்காக அவர் உங்கள் ரெபரி ஆகிவிட மாட்டார்.

எல்லாரும் மாமாவாக இருக்கிற ஊரில்

விளம்பரங்களில் "உறவினரல்லாத இருவர்" என்று போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் இது லேசான கேள்வி இல்லை. தாய்வழிக் குடி பார்த்துச் சம்பந்தம் செய்யும் ஊர்களில், குடிவழி நூல் பிடித்துப் பார்த்தால் தெருவில் பாதிப்பேர் மச்சானும் மாமியுமாகத்தான் இருப்பார்கள். முறை சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்பதற்காக ஒருவரை விலக்கத் தேவையில்லை. பெற்றோரின் சகோதரர்கள், உங்கள் சகோதரர்கள், அவர்களைக் கட்டியவர்கள், கணவன் அல்லது மனைவியின் வீட்டார் ஆகியோரைத் தவிருங்கள். தூரத்து முறை மாமா ஒருவர் உங்களுக்கு மூன்று வருடம் மேற்பார்வையாளராக இருந்திருந்தால் அவரைப் போடலாம். "எனது முன்னாள் மேற்பார்வையாளர்" என்று எழுதுங்கள். சொந்தமா என்று நேரே கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாரைத் தேர்வது என்பதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான். கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் வேலையைத் தினமும், அல்லது கிழமைக்கு ஒரு தடவையாவது, கிட்ட இருந்து பார்த்தவர் யார்? ஒரு கடதாசியில் பெயர்களை எழுதுங்கள். பதவியை இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை செய்தவருக்கு அந்த ஆள் பொது முகாமையாளராக இருக்கமாட்டார். ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராக இருப்பார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பிள்ளைக்கு லைன் சூப்பர்வைசர். அறுகம்பேயில் இரண்டு சீசன் கெஸ்ட்ஹவுஸில் நின்ற தம்பிக்கு அந்த இடத்தின் உரிமையாளரே பொருத்தம், ஏனென்றால் அங்கே முதலாளியும் மேற்பார்வையாளரும் ஒரே ஆள்தான்.

முதல் வேலைக்குப் போகிறவருக்கு இப்படி ஒருவர் இல்லை என்று தோன்றும். இருக்கிறார். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் தங்கள் இறுதி ஆய்வைப் பார்த்த விரிவுரையாளரைக் கேட்கலாம். துறைத் தலைவர் என்ற பதவிக்காக, உங்கள் முகத்தை வகுப்பில் மட்டும் கண்டவரைப் போட வேண்டாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் என்விகியூ என்ற தொழில் தகைமை முடித்தவருக்குப் பயிற்றுநர் இருக்கிறார், பயிற்சிக்குப் போன கராஜ்காரர் இருக்கிறார். பாடசாலை மட்டும் முடித்தவருக்கு, மாணவர் தலைவராகவோ விளையாட்டுப் போட்டி ஒழுங்கிலோ பொறுப்புத் தந்த ஆசிரியர். சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தவருக்கு, அந்த நிலையத்தை நடத்துகிறவர்.

கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரையும் பள்ளிவாசல் தலைவரையும் எங்கள் ஆட்கள் அதிகம் போடுகிறார்கள். ஊர் மரியாதைக்காகப் போட்டால் பயன் குறைவு. ஆனால் திருவிழாவில் மூன்று வருடம் நீங்கள் உபயக் கணக்கு எழுதினீர்கள், அதை அவர் பார்த்துச் சரிபிடித்தார் என்றால் அவர் நல்ல சாட்சி. கணக்கு வேலைக்கு அதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. பிள்ளை வளர்ப்பதற்காகப் பத்து வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பெண்களுக்கும் இதே வழிதான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்திருந்தால், அந்தச் சங்கத்தைக் கண்காணிக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர் உங்கள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருப்பார். "நான் ஒரு வேலையும் செய்யல்லியே" என்று சொல்லும் அக்காமாருக்கு இப்படி ஒருவர் நினைவுக்கு வரும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பலதடவை பார்த்திருக்கிறேன்.

பூட்டிய அலுவலகங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு அலுவலகம் திறந்தன. களஉத்தியோகத்தர், சாரதி, களஞ்சியப் பொறுப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு தலைமுறை அங்கேதான் வேலை பழகியது. பிறகு திட்டங்கள் முடிய ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. அந்த அனுபவம் உள்ளவர்கள் இன்றும் சீவியில் பழைய அலுவலக முகவரியையும் 065 இலோ 067 இலோ தொடங்கும் பழைய லேண்ட்லைன் இலக்கத்தையும் வைத்திருக்கிறார்கள்.

நானும் அதில் அடிபட்டவள். சுனாமி வேலைகளில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, என் திட்ட அதிகாரியின் அலுவலக இலக்கத்தைக் கொடுத்தேன். அவர் நாட்டை விட்டுப் போய் மூன்று மாதம், அலுவலகமும் காலி. வெறும் அறையில் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நேர்முகத்தில் முதலாவதாக வந்தும் அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. மனம் நொந்துபோனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முன்னால் என் ரெபரிமாரின் இலக்கத்துக்கு நானே ஒரு கோல் எடுத்துப் பார்ப்பேன்.

நிறுவனம் பூட்டப்பட்டாலும் மனிதர்கள் எங்கோ இருக்கிறார்கள். உங்கள் பழைய மேற்பார்வையாளரைப் பேஸ்புக்கிலோ லிங்க்ட்இன்னிலோ தேடிப் பிடிக்கலாம். கண்டுபிடித்தால் இப்போதைய பதவியையும் அப்போதைய பதவியையும் இரண்டையும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவரென்றால் வாட்ஸ்அப் இலக்கமும் மின்னஞ்சலும் கொடுத்து, அவர் எந்த நாட்டில் இருக்கிறார், இலங்கை நேரப்படி எத்தனை மணிக்குப் பேச வசதி என்றும் ஒரு வரி சேருங்கள். கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. ரொறன்ரோவில் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே காலை பத்து மணிக்கு எடுக்கும் கோல் அங்கே நடுராத்திரியில் அடிக்கும். ஆளே கிடைக்காவிட்டால் சேவைக்கடிதம், நியமனக் கடிதம், ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று மூன்றையும் தேடி எடுங்கள். உங்களை வேலைக்கு வைத்தவர் 12 வீதம் கட்டியதும் நீங்கள் 8 வீதம் கட்டியதும் அந்தக் கூற்றில் இருக்கும். எந்தக் காலத்தில் எங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அதைவிட உறுதியான கடதாசி இல்லை. வேலை எப்படிச் செய்தீர்கள் என்பதை அது சொல்லாது. அதற்கு உங்களோடு அதே திட்டத்தில் மேல்நிலையில் இருந்த இன்னொருவரைப் பிடிக்கலாம்.

சர்வதேச நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2018இல் தொண்டு நிறுவனங்களுக்குள் நடந்த பாலியல் துஷ்பிரயோகங்கள் உலகளவில் வெளிவந்தன. அதன்பின் 2019இல், கடந்த ஐந்து வருடத்தில் வேலை செய்த இடங்களில் அப்படிப்பட்ட நடத்தைக்காக ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டாரா என்று நிறுவனங்கள் தங்களுக்குள் கேட்டறியும் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த நிறுவனங்கள் நீங்கள் தந்த ரெபரியோடு நிற்காமல், பழைய நிறுவனங்களின் மனிதவளப் பிரிவையே கேட்கும். உதவி பெற வந்த பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதற்காக வந்த ஒழுங்கு அது. அதற்குச் சம்மதம் கேட்டுப் படிவம் வந்தால் பதறாதீர்கள்.

கேட்கும் விதம்

ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரைப் போடக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. வகுப்பில் நின்று படிப்பிக்கும் டீச்சருக்குத் திடீரென்று ஒரு கோல் வந்து, யாரோ ஒருவரைப் பற்றி உடனே பேசச் சொன்னால் அவர் என்ன செய்வார்? தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் மறுமுனையில் உங்கள் மேலுள்ள தயக்கமாகக் கேட்கும்.

பெரியவர் என்றால் நேரில் போங்கள். தூரத்தில் இருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: "வணக்கம் சேர். நான் 2021 தொடக்கம் 2023 வரை உங்களிடம் களஞ்சியத்தில் வேலை செய்தேன். இப்போது கல்முனையில் ஒரு மருந்து விநியோகக் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ரெபரியாகக் கொடுக்கலாமா? அவர்கள் என் வேலை பற்றி உங்களிடம் கேட்பார்கள். கையொப்பமோ பிணையோ எதுவும் இல்லை. வசதிப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறொருவரைக் கேட்கிறேன்."

அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் மனிதர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். "பாப்பம்", "போடுங்க, பிறகு பேசுவம்" என்று இழுத்தால் அவருக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி விலகுங்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. மனமில்லாதவர் போனில் சொல்லும் "ம்ம், பரவாயில்ல" உங்களைக் கவிழ்த்துவிடும்.

சம்மதித்தவருக்கு, நேர்முகத்துக்கு அழைப்பு வந்த அன்றே இன்னொரு செய்தி போக வேண்டும். வேலை விளம்பரத்தின் படம், உங்கள் சீவி, எந்த நிறுவனத்திலிருந்து கோல் வரலாம் என்ற விபரம் மூன்றையும் அனுப்புங்கள். தெரியாத இலக்கத்தை எடுக்காமல் விடுகிறவர்கள் இப்போது அதிகம், அதனால் இது முக்கியம். கூடவே பழைய வேலையில் நடந்த ஓரிரு விடயங்களை நினைவூட்டுங்கள். "காலாவதி மருந்துகளைத் தனி றாக்கையில் பிரித்து வைக்கும் ஒழுங்கை நான் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும்" என்ற ஒரு வரி போதும். நூறு பேரை வேலை வாங்கிய மனிதருக்கு எல்லாம் ஞாபகத்தில் நிற்காது. நினைவூட்டுவதில் பிழையில்லை. நடக்காததைச் சொல்லும்படி கேட்பதுதான் பிழை.

அவரை எப்போது பிடிக்கலாம் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஆசிரியரென்றால் பாடசாலை விட்ட பிறகு, இரண்டு மணிக்குப் பின். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவரென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எடுக்காதபடி குறிப்பு. வயல் வேலையில் நிற்கும் முதலாளிக்கு மாலை நேரம். இதையெல்லாம் ஒரு வரியில் எழுதிய சீவியைப் பார்க்கும்போது, இந்தப் பிள்ளை மற்றவர்களின் நேரத்தை மதிக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றிவிடும்.

சீவியில் எழுதும்போது

பெயர், பதவி, நிறுவனம், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் என்று எல்லாரும் போடுவார்கள். இவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்ற வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். "2021 முதல் 2023 வரை எனது நேரடி மேற்பார்வையாளர்" என்று சேர்த்தால், கோல் எடுப்பவருக்கு எங்கே கேள்வியைத் தொடங்குவது என்று தெரியும்.

கொமினிகேசனில் டைப் செய்பவர்கள் ஒரு விடயத்தைக் கட்டாயம் பாருங்கள். அங்கே பழைய ஒருவரின் சீவியைத் திறந்து அதன் மேலேயே அடுத்தவருடையதை அடிப்பார்கள். முன்னவரின் ரெபரி அப்படியே நின்றுவிடும். ஒரே வாரத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த மூன்று சீவியில் ஒரே அதிபரின் பெயரை நான் கண்டிருக்கிறேன். அச்செடுக்க முன் கடைசிப் பக்கத்தை விரல் வைத்து வாசியுங்கள், இலக்கம் பத்தும் சரியா என்று எண்ணுங்கள்.

விளம்பரத்தில் கேட்காவிட்டால் ரெபரியின் இலக்கத்தைச் சீவியில் போடத் தேவையில்லை, "கேட்குமிடத்து தரப்படும்" என்றால் போதும். முகம் தெரியாத வாட்ஸ்அப் குழுக்களில் போடும் சீவியில் கட்டாயம் எடுத்துவிடுங்கள். உங்களை நம்பித் தந்த டீச்சரின் கைத்தொலைபேசி இலக்கம் அது. ஏமாற்றுக் கோல்களுக்குப் போய்ச் சேரக்கூடாது. இப்போது வேலை செய்யும் இடத்து முகாமையாளரைப் போடுவதாக இருந்தால், "வேலை உறுதியான பின் மட்டும் தொடர்புகொள்ளவும்" என்று எழுதலாம். பெரும்பாலான இடங்களில் இதை மதிப்பார்கள். அவருக்குத் தெரியாமல் வேறு வேலை தேடுகிறீர்கள் என்றால் முந்திய இடத்து ஆளைப் போடுவதே பாதுகாப்பு.

கோல் எடுப்பவர் என்ன கேட்பார்

நான் கேட்பதைச் சொல்கிறேன். எந்தக் காலத்தில் இருந்தார், என்ன வேலை? நேரத்துக்கு வருவாரா? காசோ பொருளோ கையில் இருந்ததா, கணக்கு எப்படி? மற்றவர்களோடு எப்படிப் பழகினார்? பிழை விட்டால் ஒத்துக்கொள்வாரா? ஏன் விலகினார்? கடைசியாக, "மறுபடி உங்களிடம் வேலை கேட்டு வந்தால் எடுப்பீர்களா?" என்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் நல்லவிதமாகப் பதில் சொல்லியவர் இந்த இடத்தில் அரை நிமிடம் அமைதியானால், நான் அதைக் குறித்துக்கொள்வேன். "இண்டைக்கு வந்தாலும் எடுப்பன்" என்று உடனே சொன்னால் அதையும் குறித்துக்கொள்வேன்.

விலகிய காரணம் பற்றி நேர்முகத்தில் நீங்கள் சொன்னதும் ரெபரி சொல்வதும் ஒத்துவர வேண்டும். சம்பளம் போதாமல் விலகினால் அப்படியே சொல்லுங்கள். எந்த முதலாளியும் அதில் குறை காணமாட்டார்.

பழைய இடத்தில் மனக்கசப்போடு வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அந்த மனேஜரைப் போடாவிட்டால் சந்தேகப்படுவார்களா?" என்பது. அங்கேயே உங்கள் வேலையைக் கண்ட வேறொருவர் இருப்பார். கணக்காளர், மற்றப் பிரிவின் பொறுப்பாளர், பொருள் எடுக்க வந்த நிரந்தர வாடிக்கையாளர். அவரைப் போடுங்கள். கேட்டால், "மனேஜருக்கும் எனக்கும் கடைசியில் ஒத்துப்போகவில்லை, என் வேலையைப் பார்த்த இவரிடம் கேளுங்கள்" என்று அமைதியாகச் சொல்லலாம். திட்டித் தீர்க்க வேண்டாம். நண்பனை முகாமையாளராக நடிக்க வைக்கவும் வேண்டாம். மட்டக்களப்பு சின்ன ஊர். ஆட்சேர்ப்பில் இருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் அறிவோம். அந்தக் கடையில் அப்படி ஒரு முகாமையாளர் இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு கோல் போதும், அதன்பிறகு உண்மையான அனுபவத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அரச வேலைகளில் ரெபரியின் பங்கு குறைவு. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் பதவிகளில் போட்டிப் பரீட்சைப் புள்ளியும் தகைமையும்தான் தீர்மானிக்கும். ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்கள் திணைக்களத் தலைவரூடாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

உங்களிடம் ஒருவர் கேட்டால்

நாளைக்கு நீங்களும் ஒரு பிள்ளைக்கு மேற்பார்வையாளராக இருப்பீர்கள். பெயரைப் போடட்டா என்று கேட்டு வந்தால், அந்தப் பிள்ளையின் வேலையை உண்மையில் கண்டீர்களா என்று யோசித்துச் சம்மதியுங்கள். கோல் வந்தால், எடுப்பவர் யார், எந்த நிறுவனம் என்று கேட்டு அறிந்துகொண்டு பேசுங்கள். கண்டதைச் சொல்லுங்கள், நடந்த ஒரு சம்பவத்தோடு சொல்லுங்கள். குறை இருந்தால் அதையும் அளவோடு சொல்லலாம். "ஆரம்பத்தில் கணினியில் தடுமாறினாள், ஆறு மாதத்தில் பழகிவிட்டாள்" என்ற வார்த்தையை நான் முழுப் புகழ்ச்சியைவிட அதிகம் நம்புவேன். பிள்ளையின் குடும்பக் கஷ்டம், சுகவீனம், கல்யாணப் பேச்சு போன்றவற்றைக் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ரெபரிக்கு முடிவைச் சொல்லுங்கள். அந்தப் படுவான்கரைத் தங்கச்சி முதல் சம்பளம் எடுத்த மாதம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் செங்கலடிக் கடைக்குப் போனாளாம். முதலாளி அவளை இருத்தி, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, புதிதாக வந்த பிள்ளைக்கு ஸ்டொக் புத்தகம் எழுதும் விதத்தைக் காட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.